கையில் கட்டோடு எடுத்த வாழ்த்து அட்டை வகுப்பு

படியில் விழுந்ததில் வலது கையில் புத்தூர்க் கட்டு. திருப்பதியில் இன்று புதியவர்களுக்கு எடுக்கவிருந்த வாழ்த்து அட்டை வகுப்பை ரத்து செய்யப் போனேன்.

சேர்ந்து ஒரு வாரமே ஆன சுசீலா அக்கா விடவில்லை.

"நீங்க வாயால சொல்லிக்கினே இருங்க மேடம். நாங்க வெட்டிக்கிறோம்."

திறந்தால் பூ எழுந்து நிற்கும் அட்டை. அக்கா தப்பாக மடித்தார். வழக்கமாக நானே வாங்கி மடித்துக் கொடுத்துவிடுவேன். இன்று முடியவில்லை.

பிரித்தார், மறுபடி மடித்தார். நான்காவது தடவை பூ எழுந்தது.

"இத்த நானே செஞ்சேன்" என்றார். பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கிலும் ஒருமுறை சொன்னார்.

நன்றி அக்கா. இதுவரை எத்தனை பேரின் பூவை நான் செய்து கொடுத்தேனோ!

சொல்லிக்கொடுக்கிறவர்களே, நீங்களும் கையிலிருந்து பிடுங்குகிற ஆளா? உண்மையைச் சொல்லுங்கள்.