மூடிய கதவுக்குப் பின்னால் கலியமூர்த்தியின் பூனை

கலியமூர்த்தி போய்விட்டார் என்று சிதம்பரத்திலிருந்து அவர் மகன் போனில் சொன்னபோது, கடலூரில் நான் என் பூனை கருப்பனுக்கு மீன் தலை அவித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். "மல்லி எங்கடா?" என்று கேட்டேன். மல்லி அவர் வளர்த்த பூனை.

சிப்காட் தொழிற்பேட்டையில் எங்களோடு ஒரே ஷிப்டில் இருந்தவர்களுக்கு அவருடைய கிண்டல் தெரியும். பூனைகளிடம் அவர் காட்டிய பொறுமை தெரிந்திருக்காது. மல்லி வந்தபோது அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழட்டுப் பூனை இருந்தது. மல்லியைத் தனி அறையில் அடைத்து, ஒன்று படுத்த துணியை மற்றொன்றுக்கு விரித்துக்கொண்டிருந்தார்.

"என்னா மச்சான், பொண்ணுக்குச் சடங்கா? ரெண்டையும் ஒண்ணா வுடு, அடிச்சிக்கினு தானா அடங்கும்" என்றேன்.

"ஒன் ஊட்ல எவனாவது திடீர்னு பூந்தா நீ அடங்குவியா? மொதல்ல வாசனை பழகணும் மச்சான். மூஞ்சி அப்பறம்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாம் நானாகக் கற்றது. பொங்கலுக்குப் போனபோது இரண்டும் ஒரே சாக்கில் படுத்திருந்தன. கலியமூர்த்தி டீயை நீட்டிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சாவன்று உடலை எடுத்ததும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவருடைய பாய், தலையணை, லுங்கி எல்லாம் வெளியே போயின. கிழட்டுப் பூனை முன்பே செத்துவிட்டிருந்தது; மல்லி மட்டும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது.

"கோணியில கட்டி கீரப்பாளையம் தாண்டி வுட்டுட்டா திரும்பி வராது மாமா" என்றான் மகன்.

"என்கிட்ட குடு."

கூடையில் வைத்து, தப்பிக்கிடந்த அவர் துண்டு ஒன்றால் மேலே கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். வாசலிலேயே என் மனைவி மறித்தாள். "சாவு ஊட்டுக்குப் போன துணியோட உள்ள வராதீங்க." நான் குளித்துவிட்டு வருவதற்குள் துண்டும் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஊரே செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஆனால் மல்லிக்குத் தெரிந்த ஒரே வாசனை அதோடு போயிற்று.

இப்போது மல்லி சாமான் அறையில். கருப்பன் கதவின் அடியில் காலை விட்டுத் துழாவுகிறது. பக்கத்து வீட்டுக் குட்டியைக் கழுத்தில் கடித்துக் கொன்ற பூனை இது. மேஸ்திரி, மேனேஜர் எவருக்கும் நான் பயந்ததில்லை. இதன் உறுமலைக் கேட்டால் எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன். மல்லி படுத்த துணியைக் கருப்பனுக்கு விரித்தேன்; அதன்மேல் மூத்திரம் பெய்தது. மறுபடி விரித்தேன்.

"எத்தினி நாளைக்கு இந்தக் கூத்து? தொறந்து வுடுங்க" என்கிறாள் மனைவி.

"தொறக்க மாட்டேன்."

இன்று காலை கதவின் இரு பக்கமும் தட்டு வைத்தேன். வந்ததிலிருந்து தொண்டையில் ஒன்றும் இறங்காத மல்லி உள்ளே நக்கும் சத்தம் கேட்டது. கருப்பன் தலையை நிமிர்த்திக் காதை விறைத்தது. உறுமவில்லை. மறுபடி தட்டில் வாய்வைத்தது.

கலியமூர்த்தி உயிரோடு இருந்தவரை அவர் சொன்ன எதையும் நான் கேட்டதில்லை. மூஞ்சி அப்பறம் என்ற இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். தாழ்ப்பாள்வரை போன கையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.