போனில் பேசியதற்கு ஒரு பதிவேடு

விசா அதிகாரியும் பனியன் வாங்க வரும் வெள்ளைக்காரனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று நான் மனதார நம்பினேன். இரண்டு பேருக்கும் ஃபைல் சுத்தமாக இருந்தால் போதும், உள்ளே சமாச்சாரம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

இந்த நம்பிக்கையைக் கொடுத்தது என் பிழைப்பு. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் எனக்கு ஆடிட் வேலை. வெளிநாட்டு பையர் தணிக்கைக்கு வருகிறான் என்றால், மூன்று மாத வருகைப் பதிவேட்டை இரண்டே நாளில் புதிதாக எழுதிவிடுவேன். நாலு விதப் பேனா, பக்க ஓரத்தில் கொஞ்சம் டீக்கறை, அட்டையில் பஞ்சுத் தூசி. ஞாயிற்றுக்கிழமையும் ஆட்கள் வேலை செய்திருப்பார்கள். என் பதிவேட்டில் அன்று எல்லோருக்கும் விடுமுறை. ஒரு தணிக்கைக்காரனும் என்னைப் பிடித்ததில்லை. அந்தத் திமிர்.

முப்பத்தாறு வயதில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கனடாவில் நர்ஸ். ஒரு மாத லீவில் வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறிவிட்டாள். அங்கிருந்து அவள் என்னை ஸ்பான்சர் செய்ய வேண்டும். கேட்டிருந்த காகிதங்களின் பட்டியலில் ஒரு வரி என்னை மடக்கியது: இருவரும் தொடர்பில் இருப்பதற்கு ஆதாரம். அவள் போய் ஏழு மாதமாகப் போனில் பேசியதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை; இருந்தது கல்யாண ஆல்பம் மட்டும். அதிலும் பாதிப் படங்களில் நான் அவளை விட்டுவிட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் தொழில் கைகொடுத்தது. நீள நோட்டு ஒன்று வாங்கி, தேதி, நேரம், பேசிய விஷயம், கையெழுத்து என்று கட்டம் போட்டு, ஏழு மாதப் பேச்சையும் எழுதி முடித்தேன். 'நலம் விசாரித்தல்', 'அன்பு பரிமாற்றம்' என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு நாள்கூடச் சண்டை இல்லை. அவள் கையெழுத்தையும் நானே போட்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு அவள் அண்ணனிடம் போனேன். பேக்கிங் யூனிட் வைத்திருப்பவர். தங்கை பாஸ்போர்ட்டுக்குத்தான் நான் தாலி கட்டினேன் என்று மண்டபத்திலேயே என் காது படச் சொன்ன மனிதர். உட்காரச் சொல்லவில்லை. நின்றவாறே நாலு பக்கம் புரட்டினார்.

"ஏனுங்க மாப்ள, ஞாயித்துக்கெழம பூரா லீவு போட்டிருக்கீங்க?"

எனக்கு உடனே புரியவில்லை.

"எந்தங்கச்சிக்கு டூட்டி இல்லாத நாளே ஞாயிறு ஒண்ணுதானுங்க. அன்னைக்கு மட்டுந்தான் உங்களுக்குப் போன் போடுவா. நெசமாப் பேசுனவனுக்கு அது மறக்குமுங்களா?"

பத்து வருடப் பழக்கம். கை தானாகவே ஒவ்வொரு ஞாயிறுக்கும் குறுக்குக் கோடு போட்டிருந்தது. நோட்டின்படி மற்ற ஆறு நாளும் நாங்கள் ஓயாமல் பேசியிருந்தோம். அவர் நோட்டை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போட முடியாது என்றார். இத்தனை மரியாதையாக என்னை யாரும் அதற்கு முன் செருப்பால் அடித்ததில்லை.

அன்றைக்கே தங்கைக்குச் சொல்லிவிட்டார். ஞாயிறு சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். அழவில்லை, கத்தவும் இல்லை. பேசியதற்கெல்லாம் போன் பில்லை மாதா மாதம் எடுத்து வைத்திருக்கிறாளாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றாள். நான் வழக்கம்போல ஒரு ஜோக் அடித்துப் பார்த்தேன். எடுபடவில்லை.

"எல்லாரும் கேக்கறதையே நானும் கேக்கறேனுங்க. உங்களுக்கு நான் வேணுமா, கனடா வேணுமா?"

"ரெண்டுந்தான்" என்றேன். வேறு பொய் கைவசம் இல்லை.

 அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மூன்று ஞாயிறும் போன் வரவில்லை. நாலாவது வாரம் கூரியரில் ஃபாரங்கள் வந்தன. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. கூடவே அவள் எழுதிய ஒரு வரிகூட இல்லை. போட்டு அனுப்பினேன். அவள் தன் பில்களை வைத்து விண்ணப்பித்தாள். பத்து மாதம் கழித்து விசா வந்தது. என்னை யாரும் நேரில் அழைத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.