எதிரே வந்த குடம்

அடி அண்ணாமலை கிராமத்து முருகையன் மகள் சந்திரகலா மருதாணி போடுவதில் கெட்டிக்காரி. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரப் பெண்கள் அவளிடம் நாள் கேட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கல்யாண வீட்டுக்காரர்களும் தேடி வருவார்கள். அவள் ஆசைப்பட்டது அதற்கில்லை.

சென்னை ஓவியக் கல்லூரியில் படிக்க அவளும் பெரியப்பா சக்கரபாணி மகள் பூஜாவும் ஒரே நாளில்தான் மனுப் போட்டார்கள். தேர்வு பௌர்ணமியன்று விழுந்தது. கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருந்த முருகையன், "இன்னிக்கின்னு பாத்து கடையை யாருகிட்ட உட்டுட்டுப் போறது? அடுத்த வருசம் எழுதிக்கோ" என்றார். டவுனில் குடியிருக்கும் பூஜாவுக்குப் பௌர்ணமியும் ஒன்றுதான், மற்ற நாளும் ஒன்றுதான். போனாள், எழுதினாள், இடம் கிடைத்தது. அடுத்த வருசம் வந்தது. சந்திரகலா கேட்கவில்லை, முருகையனும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கல்லூரியிலிருந்து நாலு பேரைப் போலந்துக்கு அனுப்புகிறார்கள், அதில் பூஜாவும் ஒருத்தி. மூன்று வாரம் அங்கே படங்களைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து வரைந்து வர வேண்டுமாம்.

"எனக்குப் போளூர் தெரியும். இது எந்தப் பக்கம்?" என்று கேட்டார் முருகையன்.

சந்திரகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாவதில் பூஜாவின் ரெக்கார்ட் நோட்டில் இருந்த தவளையே சந்திரகலா வரைந்து கொடுத்ததுதான். நோட்டை நீட்டிய கை பிளேன் ஏறுகிறது, தவளை வரைந்த கை இளநீர் வெட்டுகிறது. பூஜா வாங்கிய குளிர் கோட்டின் படம் போனில் வந்தபோது, நல்லா இருக்குது என்று ஒரு வார்த்தை எழுத அவளுக்கு அரை நாள் பிடித்தது.

பூஜா கிளம்புகிற அன்று காலையில் கடையில் அப்பாவின் போன் அடித்தது. சந்திரகலாதான் எடுத்தாள். செங்கம் பக்கத்திலிருந்து செய்தி. மண்ணாங்கட்டிப் பெரியவர் போய்விட்டார். தாத்தாவோடு பிறந்தவரின் மகன், சக்கரபாணிக்கும் முருகையனுக்கும் அண்ணன் முறை. பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. கருமாதி முடியாமல் சக்கரபாணி வீட்டில் யாரையும் தூரப் பயணம் அனுப்ப மாட்டார்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். அவள் ஆட்டோ பிடித்து நேரில் போனாள். மூஞ்சிகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கூடத்தில் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. சேதியைக் கேட்டதும் சக்கரபாணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தீட்டோட எப்படி அனுப்பறது? அந்த டிக்கெட்டை மாத்த முடியுமான்னு கேளு பாப்பா."

"நாலு பேரும் ஒண்ணாதாம்பா போறோம். மாத்த மாட்டாங்க."

பூஜா அப்பாவுக்குத்தான் பதில் சொன்னாள். பார்வை மட்டும் சந்திரகலா மேலேயே இருந்தது. அழுவாள் என்று நினைத்தால் அவள் அழவும் இல்லை. சந்திரகலா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழியனுப்ப வந்த அத்தை ஜோதியம்மாள் அப்போதுதான் பையோடு உள்ளே நுழைந்தாள். சக்கரபாணிக்கும் முருகையனுக்கும் மூத்தவள், மூன்று தலைமுறை உறவு அவளுக்கு விரல் நுனியில் இருக்கும்.

"யாருக்குடா தீட்டு? அவருக்கு முன்னாடி பொறந்த மூணும் தங்கல. இதாவது தங்கட்டும்னு மண்ணாங்கட்டின்னு பேரு வச்சி, பால் மறந்ததும் தாய்மாமன் வீட்டுக்கே தத்து குடுத்துட்டாங்க. அவரு அந்த வீட்டுப் புள்ள. நமக்குத் தலையில தண்ணி ஊத்திக்கிட்டா முடிஞ்சுது."

சக்கரபாணிக்கு மூச்சு வந்தது. அத்தை இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி கலா, போன தை மாசம் அவரு பேத்தி கல்யாணத்துல நீதான மருதாணி போட்ட? உனக்குத் தெரியாதா?"

"தெரியாது அத்தை."

தெரியும். அன்று பெரியவர் அவளுக்குத் தாமே காபி கொண்டுவந்து வைத்து, "நான் உங்க வூட்டுப் புள்ளதாம்மா. குடுத்துட்டாங்க" என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் அந்தக் காபி ஞாபகம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

எல்லாரும் தலை முழுகினார்கள். மத்தியானம் கார் வாசலில் வந்து நின்றது. சகுனத்துக்கு யாராவது எதிரே வர வேண்டும்.

"கன்னிப் பொண்ணு நீ இருக்க. குடத்தை ரொப்பிக்கிட்டு எதிர்ல வா. சிந்திடாத" என்றாள் அத்தை.

சந்திரகலா விளிம்பு வரைக்கும் நிரப்பினாள். தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தாள். வேண்டுமென்றே தட்டிவிடலாம், ஒரு கல் போதும். ஆனால் கை கேட்கவில்லை. கோணல் கோடு போட்டுப் பழகாத கை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

பூஜா அவள் எதிரில் வந்து நின்றாள். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"தத்து போன கதையை அந்தக் கல்யாணத்துலேருந்து வந்த அன்னிக்கே நீ எங்கிட்ட சொல்லிட்டக்கா. மறந்துட்டியா?"

"அப்ப நீயே சொல்றதுக்கென்ன?"

"நீ சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

பூஜா குடத்துத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காரில் ஏறினாள். கார் திரும்பி மறைந்தது. காட்டிக்கொடுக்காமல் போனாளே, அந்த நல்ல பேரும் அவளுக்கே என்று சந்திரகலாவின் வயிறு எரிந்தது.

"கொடத்தை எறக்கி வையேண்டி" என்றாள் அத்தை.

அவள் இடுப்பை விட்டு எடுக்கவில்லை.