பனி நாட்டு டயர்

வண்டியை நிறுத்திய கையோடு தம்புசாமி முன் சக்கரத்தின் அருகே குந்திவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வரும். ரிம்மின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நாலு இழுப்பு, பிறகு ஓரத்தைச் சுற்றி ஒரு வட்டம். நாலு சக்கரமும் முடிந்தால்தான் மனுஷர் நிமிர்வார். வாழை இலைக் கட்டுகளை இறக்கக் காத்திருக்கும் சாப்பாட்டுக்கடை ஆட்கள் முணுமுணுத்தால், "மூஞ்சி கழுவாம யாரு வீட்டுக்காச்சும் போவீங்களா? வண்டிக்கு இதுதான்லா மூஞ்சி," என்பார். தம்முடைய மூஞ்சியை அந்தத் துண்டால் துடைத்து யாரும் பார்த்ததில்லை. அதற்குச் சட்டைக் கை இருக்கிறது.

காப்பாரில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அவருக்கு மூன்று ஏக்கர் வாழை. மனைவி மாரியாயி காலையில் இலை அறுத்துக் கட்டிவைப்பார். தம்புசாமி அவற்றை நீல நிறப் பிக்கப்பில் ஏற்றி, கிள்ளான் வழியாகத் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோய் இராமலிங்கத்தின் சாப்பாட்டுக்கடையில் இறக்குவார். பதினோரு வருஷப் பழக்கம். அந்தக் கடையில் மத்தியானம் பந்தி போடுவது தாமே என்பதுபோலத்தான் அவர் பேச்சு இருக்கும். "நம்ம கடையில இன்னிக்கி ரெண்டு கறி," என்று காப்பாரில் சொல்லித் திரிவார்.

ரிம் பைத்தியம் அவருக்கு எப்போது பிடித்தது என்று மாரியாயிக்கே தெரியாது. எதிரே போன காரை ஓட்டியது யார் என்றால் முழிப்பார். எத்தனை இஞ்சு ரிம் என்றால் உடனே பதில் வரும். சொந்தத்தில் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் போனவரைப் பந்தியில் காணாமல் தேடினால், வெளியே நின்ற கார்களுக்கு நடுவே குனிந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை எப்படி என்று கேட்ட மாரியாயியிடம், "கெட்டிக்காரன். நட்டு எல்லாம் ஒழுங்கா முறுக்கி வெச்சிருக்கான்," என்றார்.

இந்தப் பைத்தியம்தான் போன வருஷம் காலை வாரியது. கிள்ளான் டயர்க்கடை ஒன்றில் பளபளவென்று தொங்கிய ஸ்போர்ட் ரிம் மேல் அவருக்குக் கண். அதை வாங்கும்போது டயரையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். பழைய டயர் தேய்ந்து, இங்கே எல்லோரும் சொல்வதுபோல் போத்தாக் ஆகி, வழுக்கை மண்டையாக மின்னியது. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, நல்ல மழை. தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரும் மண்பாதையில் ஒரு பள்ளம். அதில் வண்டி உட்கார்ந்துவிட்டது. துணி எடுக்க வந்த கூட்டமெல்லாம் இராமலிங்கத்தின் கடையில் பிளாஸ்டிக் தட்டில் சாப்பிட்டது. பாதிப்பேர் தட்டைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். சாயங்காலம் போய்ச் சேர்ந்த தம்புசாமியிடம் இராமலிங்கம் கோபப்படவில்லை. "அண்ணே, இன்னொரு தீபாவளிக்கு இப்படி ஆச்சின்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன். மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் பாவம்.

எனவே இந்த வருஷம், எண்பத்து நாலு, மழை தொடங்குமுன்பே கிள்ளானுக்குப் புறப்பட்டார். புத்தி வந்தது என்று நினைத்தால் நமக்குத்தான் புத்தியில்லை. கடைக்குள் நுழைந்ததும் நேரே ஸ்போர்ட் ரிம்மிடம் போய் நின்றார். அகலமான ரிம், அதற்கேற்ற அகலமான டயர். டயரை மோந்து பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தினார், தரையில் உருட்டிவிட்டு அது சாயும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். டயர் தேர்வு செய்ய அவருக்கு இந்த மூன்று பரீட்சைதான். கடை முதலாளியான சீனத் தவுக்கே சிரித்துக்கொண்டே மாட்டிக் காட்டினார். வண்டி கல்யாணக் களையோடு நின்றது.

மாரியாயி முன் இருக்கையை விட்டு இறங்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது இறங்கி வந்தார்.

"வெறும் வண்டிக்கு எந்த டயரும் ஓடும்ங்க. எலைய ஏத்திட்டுப் பாக்கணும்."

"இங்க எலைக்கு எங்க போவேன்?"

"எலை எதுக்கு? கனந்தானே வேணும்."

மாரியாயி, தவுக்கேயின் பழைய டயர்களைப் பின்னால் அடுக்கச் சொன்னார். போதாது என்று கடை ஆட்கள் நாலு பேரையும் ஏறி உட்காரச் சொன்னார். தவுக்கேயைப் பார்த்தார், அவரும் வேட்டி கட்டாத குறையாக மரியாதையோடு ஏறிக்கொண்டார். வண்டி பத்தடி நகர்ந்ததும் பின் சக்கரம் மட்கார்டில் உரசிக் கரகரவென்று கத்தியது. மேலே இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். தம்புசாமி சிரிக்கவில்லை. கழற்றிய ரிம்மை ஒரு தரம் தடவிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார்.

தவுக்கேக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய் வேறொரு டயரை உருட்டி வந்தார். முறுக்குப் பிழிந்ததுபோல் தடித்தடியான கட்டைகள், நடுவே விரல் நுழையும் பள்ளம். மாட்ட வேண்டியது சாதாரணக் கறுப்பு இரும்பு ரிம். சேற்றுக்கும் பனிக்கும் செய்த டயர் என்று விளக்கி, கம்பெனிப் புத்தகத்தையும் விரித்துக் காட்டினார். படத்தில், முழங்கால் அளவு பனியில் ஒரு பிக்கப் நின்றது. பக்கத்தில் கம்பளிக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர்.

தம்புசாமி படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது பனியில ஓடுற டயரா, பாஸ்? நம்ம சூட்டுக்கு ஆவுமா?"

"சேத்துக்கும் சேத்துத்தானே செஞ்சிருக்கானாம். மாட்டுங்க," என்றார் மாரியாயி.

இந்தத் தடவையும் ஐந்து பேர் ஏறினார்கள். உரசல் இல்லை. வீடு திரும்பும் வழியில் தம்புசாமி எதிரே வந்த ரிம்களைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் காப்பார் கோப்பிக்கடைக்குள் கால் வைத்ததும் ஆரம்பித்துவிட்டார். "பனியில ஓட்டுற டயர்லா. காப்பாருலயே நம்ம வண்டியிலதான் இருக்கு." கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கோட்டுக்காரரைப் பற்றி, ஏதோ கூடப் படித்தவர்போலச் சொன்னார்.

கறுப்பு ரிம்மை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயிண்டை எடுத்து நாலு ரிம்முக்கும் மூன்று பூச்சு அடித்தார். கோயில் வாசலில் புது டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது, சாறு தெறித்துப் பெயிண்ட் கெட்டுவிடுமே என்று ஒவ்வொரு பழத்தையும் வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி வைத்தார். அர்ச்சகர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு வந்தது. அதற்கு முன்னால் மூன்று நாள் மழை. பின்னால் மலைபோல் ஈர இலை. முன்னால் இவர்கள் இரண்டு பேர், மாரியாயியின் மடியில் எதற்கும் இருக்கட்டும் என்று, சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஒரு பலகை. போன வருஷப் பள்ளம் குளமாகக் கிடந்தது. தம்புசாமி அதன் விளிம்பில் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பார்க்கக்கூட இல்லை. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு கியர் போட்டார்.

வண்டி இறங்கியது. பின் சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றிச் சேற்றை வாரிக் கூரைக்கு மேலே வீசியது. மாரியாயி பலகையை இறுகப் பிடித்தார். அடுத்த சுற்றில் டயர் எதையோ கடித்துப் பிடித்த மாதிரி ஓர் உலுக்கல். அவ்வளவுதான், வண்டி மேட்டில் நின்றது. மாரியாயி பலகையைக் காலடியில் போட்டுவிட்டு, "கோட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுருங்க," என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் பத்து மணிக்கே இராமலிங்கம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருக்கோடியில் நீலம் எங்கே, சேறு எங்கே என்று தெரியாத ஒரு வண்டி திரும்பியதைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "எலை வந்திருச்சி," என்று குரல் கொடுத்தார். ஆட்கள் ஓடிவந்து கட்டுகளை இறக்கினார்கள். உள்ளே முதல் வரிசைக்கு இலை விழும் சத்தம் கேட்டது.

"அண்ணே, ரிம்மு கண்ணுக்கே தெரியலையே. தண்ணி எடுத்தாரச் சொல்லவா?" என்றார் இராமலிங்கம்.

தம்புசாமி வழக்கம்போல முன் சக்கரத்தின் அருகே குந்தினார். துண்டு கைக்கு வந்தது. வெள்ளிப் பெயிண்ட் ஒரு பொட்டுக்கூடத் தெரியாமல் காப்பார்ச் சேறு அப்பிக் கிடந்தது. துண்டோடு கை ரிம் வரைக்கும் போய் நின்றது. "வேணாம், சேறு இருக்கட்டும்லா," என்று எழுந்து, துண்டை ஒரு தரம் உதறி, அதைக்கொண்டே தம் முகத்தை அழுந்தத் துடைத்து, திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.