பெல்ட்டைக் கழட்டிட்டு உள்ள வாங்க

தவமணி அக்கா இறந்த சேதியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சண்முகம் சார். ஒரு காலத்தில் அக்காவின் கையை ஒடித்த அதே சண்முகம் சார்தான்.

நான் அப்போது குழாயடியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கம் நெத்திலி வருவது அபூர்வம். வந்தாலும் மீன்காரர் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நிறுப்பார். அன்றைக்கு நல்ல மீன். அக்காவுக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தேன். சண்முகம் சார் வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் கசங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க்கா, தவமணியக்கா போயிட்டாங்க. எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் படியேறுனவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. நாந்தானுங்க தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். அந்தக் கோணக் கை இருக்குதுங்களே, அது என்ற தோள்லயே கெடந்துதுங்க. ரோடு பூராவும் தட்டிட்டே வந்துதுங்க."

நான் மீன் கையோடு மாடியில் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் எருமை மேய்த்த கழுதை நான். நான் சொல்லச் சொல்ல, அக்காவின் மகன் செந்தில் எழுதுகிறான். அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்துதான் சொல்கிறேன். இடது பக்கம் உட்கார்ந்தால் அவனுக்குக் கேட்காது. ஏன் கேட்காது என்பதையும் அவனே சொல்லச் சொல்லிவிட்டான். "அம்மாவ நல்லவங்கன்னு மட்டும் சொல்லி முடிச்சிராதீங்க சித்தி. அடிச்சதையும் சொல்லுங்க. அதச் சொல்லலேன்னா இது வேற யாரோ பொம்பள."

சரி, சொல்கிறேன்.

அக்கா மதுரைக்குத் தெற்கே ஒரு ஊர். வீட்டுக்காரர் பாண்டி அண்ணனுக்கு இங்கே, தெலுங்குச் சீமையில், கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் வேலை. வாயில்லாத மனிதர், அவரும் முன்னாலேயே போய்விட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவார். அக்கா வைகிற வசவு கீழ்வீட்டில் எனக்குக் கேட்கும். வசவு முடிந்ததும் தாளிக்கிற வாசனை வரும். நாங்கள் இருந்தது கம்பெனிக்காரர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட மூன்று மாடிக் கட்டடம். சுவரெல்லாம் அட்டை மாதிரி. யார் வீட்டில் யாருக்கு அடி விழுகிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டோம். பரீட்சை மாதம் வந்துவிட்டால் அந்தச் சத்தம் குக்கர் விசில் மாதிரி வீட்டுக்கு வீடு கிளம்பும்.

செந்தில் பத்தாவது படித்த வருஷம். அக்காவுக்கு அவனை எப்படியாவது பெரிய எஞ்சினியரிங் காலேஜில் சேர்த்துவிட வேண்டும். இந்த ஊரில் ஆறாம் வகுப்பிலேயே அதற்குக் கோச்சிங் ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் கன்றுக்குட்டிக்குக்கூட மூக்கணாங்கயிறு போட ஒரு பருவம் பார்ப்பார்கள். அதை விடுங்கள். அக்கா எட்டாவதோடு நின்றவர். அவருக்கு அந்தக் கணக்கு புரியாது. புரியாததால்தான் கோபம் கூடுதலாக வந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ஒரு நாள் மத்தியானம் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாதிரித் தேர்வு மார்க்கை இவன் காட்டியிருக்கிறான். எனக்குச் சத்தம் கேட்டது. முதலில் வசவு, பிறகு அடி, பிறகு பையன் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் என்னை மாடிக்கு ஓட வைத்தது.

போய்ப் பார்த்தால் செந்தில் தரையில் கிடக்கிறான். காதிலிருந்து ரத்தம் இறங்கி, மாவு கொட்டியிருந்த தரையில் ஓடுகிறது. அக்கா கையில் பூரிக்கட்டை.

"எந்திரிடா. நடிக்காதடா. எந்திரிங்கிறேன்ல!" என்று காலால் தள்ளுகிறார். நான் கட்டையைப் பிடுங்கப் போனேன், என் தோளிலும் ஒன்று இறங்கியது. அதற்குப் பிறகுதான் ரத்தம் அவர் கண்ணில் பட்டது. கட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தன் முகத்திலேயே அறைந்துகொண்டார். மகனை அடித்ததைவிடப் பலமான அடி அது.

காது டாக்டர் தெலுங்குக்காரர். எப்படி ஆயிற்று என்று கேட்டார். செந்தில் முந்திக்கொண்டு, "மெட்ல மீத படிப்போயானு சார்" என்றான். படியில் விழுந்துவிட்டேன் என்று அர்த்தம். அம்மாவைக் காப்பாற்றுகிறானாம், அந்த வலியிலும். டாக்டர் எழுதப் போனார். அக்காவுக்குத் தெலுங்கு காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். அன்றைக்கு நிமிர்ந்து நின்று, "நேனே கொட்டானு" என்றார். நான்தான் அடித்தேன். டாக்டர் திட்டிய திட்டையெல்லாம் தலை குனியாமல் வாங்கிக்கொண்டார்.

இடது காது திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சப்பாத்தி கிடையாது. பூரியும் கிடையாது. கட்டையை மட்டும் எறியாமல் வாசல் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். செந்தில் வெகு காலம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிடிக்காத பேச்சு வந்தால் இடது பக்கத்தைத் திருப்பிக்கொள்வான். அக்கா அவனைச் சுற்றி வந்து வலது பக்கம் நின்று சொல்வார். அவன் மறுபடி திரும்புவான். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷம் ரிசல்ட் அன்று எங்கள் படிக்கட்டில் ஒரு பையனை அவன் அப்பா பெல்ட்டால் விளாசிக்கொண்டே துரத்தி வந்தார். பையன் சட்டை கிழிந்து முதுகெல்லாம் கோடு கோடாக இருந்தது. அக்கா கதவைத் திறந்தார், அவன் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார், உள்தாழ் போட்டார். அவ்வளவுதான். வழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அதிலிருந்து வருஷா வருஷம் பத்தாவது, இன்டர் என்கிற பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் அக்கா வீட்டில்தான். எலுமிச்சம்பழச் சோறும் அப்பளமும் தின்று முடிக்காமல் ஒருத்தரும் போனைத் தொடக் கூடாது. "மார்க்கு எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல தின்னுங்கடா" என்பார். அப்பன்மார் சாயங்காலம் வந்து கூட்டிப் போகலாம். அதற்கு ஒரே ஒரு சட்டம். வெளியே பால்கனி கிரில்லில் பெல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டும்.

"பெல்ட்டைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

பெரிய பெரிய போர்மேன்களெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே கழற்றுவார்கள். கிரில்லில் வரிசையாகப் பாம்புச் சட்டை மாதிரி தொங்கும். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனிதனால் எவ்வளவு அடித்துவிட முடியும்? என் வீட்டுக்காரர் எங்கள் மகளைக் கூட்டிவர லுங்கியோடு போனார். அக்கா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க எதக் கழட்டுவீக? அப்படியே வாங்க சாமி" என்றார். படிக்கட்டே சிரித்தது.

சண்முகம் சார் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் கிரேன் ஓட்டியவர். கோயமுத்தூர்ப் பக்கம். எவ்வளவு கோபம் வந்தாலும் பேச்சில் மரியாதை குறையாது. கைக்கு மட்டும் அந்த மரியாதை தெரியாது. அவர் மகள் நித்யா இன்டர் இரண்டாம் வருஷம் எழுதியிருந்தாள். அன்று காலை வந்து உட்கார்ந்தவள் சோற்றைத் தொடவே இல்லை. "பெயிலானா அப்பா சம்பேஸ்தாரு ஆன்ட்டி" என்றாள். கொன்றுவிடுவார் என்று. அக்கா ஒரு உருண்டையை உருட்டி அவள் வாயில் வைத்தார். நானும் அங்கேதான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போனைத் திறப்பதற்கு முன்பே, டூட்டியிலிருந்த சண்முகம் சார் பார்த்துவிட்டார். இரண்டு பாடம் போய்விட்டது. பாதி ஷிப்ட்டில் கிளம்பி வந்து கதவை உதைத்தார்.

"ஏனுங்க்கா, மரியாதையாச் சொல்றேனுங்க. எம்புள்ளைய வெளிய அனுப்பிச்சுடுங்க."

"பெல்ட்டக் கழட்டி மாட்டுங்க. அப்பறம் பேசுவோம்."

"கழட்டறதுக்குத்தானுங்க வந்திருக்கறேன்!"

பால்கனியிலிருந்த துளசித் தொட்டி கதவில் வந்து மோதியது. மேல்பலகை பிளந்து மண்ணும் சில்லுமாக உள்ளே கொட்டியது. பிள்ளைகள் அலறிக்கொண்டு சமையலறைக்குள் நெருக்கினார்கள். நித்யா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். ஓட்டை வழியாக அவர் கை உள்ளே நுழைந்து தாழைத் தேடியது. அக்கா கட்டையை எடுத்து அந்தக் கை மேல் ஓங்கிப் போட்டார். சண்முகம் சார் கத்தினார், ஆனால் கையை எடுக்கவில்லை. தாழ் திறந்துகொண்டது. அக்கா கதவைத் தள்ள, அவர் வெளியிலிருந்து உதைக்க, அக்காவின் கை நடுவில் மாட்டியது. முருங்கைக் கிளை முறிகிற சத்தம். நான் அதை இன்னும் தூக்கத்தில் கேட்கிறேன்.

உள்ளே வந்தவர் பெல்ட்டை உருவி வீசினார். பக்கிள் அக்காவின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அக்கா நகரவில்லை. அவர் மறுபடி வீசினார். கட்டிலுக்கு அடியிலிருந்து நித்யாவே வெளியே வந்துவிட்டாள்.

"ஆன்ட்டியே நக்கோ அப்பா, வேணாம்! என்னே அடிங்க! என்னே அடிங்க!"

காலேஜ் லீவுக்கு வந்திருந்த செந்தில் ஓடிப்போய் அவளை மறைத்துக்கொண்டு நின்றான். சண்முகம் சார் மறுபடி கையை ஓங்கினார். அப்போது அக்கா செய்ததை இதுவரை நாங்கள் யாரும் வெளியில் சொன்னதில்லை.

ஒடிந்த கை தொங்க, செந்திலிடம் போனார். நல்ல கையால் அவனுடைய வலது காதை இறுக்கிப் பொத்தினார். இடது காதில் வாயை வைத்து, சண்முகம் சாருக்கும் எனக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, "செந்திலு, அம்மாவ மன்னிச்சிருடா" என்றார்.

செந்தில் ரத்தம் வழிகிற அந்த முகத்தைப் பார்த்தான்.

"என்னம்மா? என்ன சொல்ற?"

அக்கா சண்முகம் சாரிடம் திரும்பினார். "பாத்தீகளா? நாந்தேன் அடிச்சேன். அதோ கெடக்கே, அந்தக் கட்டையாலதேன். இவன் காலேஜ் சேந்துட்டான், நல்லா படிக்கிறான். நான் இத எத்தன தடவ சொன்னாலும் இந்தப் பக்கம் ஏறாது. இப்ப அடிங்க உங்க புள்ளைய. எங்க அடிக்கணுமோ பாத்து அடிங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. உடைந்த கதவைத் தாண்டி வெளியே போனார். பெல்ட்டைக் கிரில்லில் மாட்டினார். பிறகு பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா" என்றார். ஆஸ்பத்திரியிலும் அக்கா ஒளிக்கவில்லை. "இவுகதேன் ஒடிச்சாக" என்றார். அவரும் "ஆமாங்க" என்றார். போலீஸ் வரை போய்த்தான் அது முடிந்தது.

அந்தக் கை கோணலாகத்தான் கூடியது. நித்யா மறுபடி எழுதிப் பாஸ் செய்தாள். இன்றைக்கு சைனிக்புரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். அக்காவுக்கு வாராவாரம் போன் செய்வாள். அப்பாவிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. எல்லாமே ஒட்டிவிடாது.

அக்காவைப் பாடையில் வைத்தபோது, ஊரிலிருந்து வந்த அவர் தங்கை, அக்காவுக்குப் பிரியமான பொருளைக் கூட வைக்கச் சொன்னார். செந்தில் கதவுக்குப் பின்னாலிருந்து பூரிக்கட்டையை எடுத்து வந்து அந்தக் கோணக் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்னடா இது, கூறு கெட்டவனே! ஆத்தாளுக்குப் பூரிக்கட்டையா?"

"அம்மா கூடவே போகட்டும் சின்னம்மா. இது இனிமே இங்க வேணாம்."

கருமாதிக்கு முன்னாலேயே இந்த வருஷ ரிசல்ட் வந்துவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. காலையில் பார்த்தால் அக்கா வீட்டு வாசலில் பிள்ளைகளின் செருப்புக் குவிந்து கிடக்கிறது. "தீட்டு வீட்டுக்குள்ள இத்தன புள்ளைக எதுக்குய்யா?" என்று அந்தத் தங்கை திகைத்துப் போனார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே. நான் கீழே என் அடுப்பில் எலுமிச்சம்பழச் சோறு கிளறிக் கொண்டுபோனேன். பழம் அக்கா வாங்கியதுதான். படியில் உருண்டு கிடந்ததைச் சண்முகம் சார் பொறுக்கி என்னிடம் கொடுத்திருந்தார்.

செந்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கேட்காத காது பிள்ளைகள் பக்கம், கேட்கிற காது படிக்கட்டுப் பக்கம். கையில் ஒன்றுமில்லை.

மத்தியானம் ஒருவர் தடதடவென்று ஏறி வந்தார். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை, புதிதாகக் குடிவந்தவர். அவர் பையன் உள்ளே என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். செந்தில் எழுந்து நின்றான்.

"பெல்ட்டைக் கழட்டிட்டு உள்ள வாங்க சார்."

"என்னது? யாரு சார் நீங்க? என் பையன நான் அடிப்பேன், கொல்லுவேன். நகருங்க!"

செந்திலின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். அதற்குள் மேல்மாடியிலிருந்து சண்முகம் சார் இறங்கி வந்தார். கூட்டிப் போக அவருக்கு அங்கே பிள்ளை யாரும் இல்லை. தன் பெல்ட்டை உருவிக் கிரில்லில் மாட்டினார். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதரைப் பார்த்தார்.

"கழட்டுங்க சார். இந்தக் கை ஒருக்கா கழட்டாம உள்ள போயிருச்சுங்க."

அந்த மனிதர் சண்முகம் சாரின் நரைத்த தலையைப் பார்த்தார், பிளந்து ஒட்டுப் போட்ட கதவைப் பார்த்தார். காலரை விட்டார். பக்கிள் சத்தம் கேட்டதும் என் முந்தானையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

அக்கா, பிள்ளைகள் சாப்பிட்டாயிற்று. கிரில்லில் பெல்ட்டுகள் தொங்குகின்றன. வாசலில் உங்கள் மகன் இருக்கிறான். நீங்கள் இடது காதில் சொன்னதை நான் இன்றைக்கு அவனுக்கு வலது காதில் சொல்லிவிட்டேன். எழுதுகிற கையால் அந்த இடது காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு, "எழுதிட்டேன் சித்தி, மேல சொல்லுங்க" என்றான்.

மேலே சொல்ல ஒன்றுமில்லை. உள்தாழ் போட்டாயிற்று அக்கா. கவலையில்லாமல் கிளம்புங்கள்.