மாமாவுக்காக வைத்த கானாக் கச்சேரி

உங்கள் மாமா கடலில் காணாமல் போனபோது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை எழும்பும் இடத்தில் அவருடைய ஃபைபர் படகு கவிழ்ந்தது. கூட இருந்த இருவர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. பக்கத்துக் குப்பத்துப் படகுகளும் வந்து தேடின. உடல்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் ஒருவர் போய்விட்டால், காரியம் முடியும்வரை யாரும் வலை போடக் கூடாது. படகுகள் கரையில் காய்ந்தன. நாள் ஆக ஆக வீடுகளில் அரிசி குறைந்தது. குழாயடியில் ஒரு அம்மாள் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"எத்தினி நாளு நைனா புள்ளைங்களுக்கு வெறும் ரசம் ஊத்தறது? உன் தங்கச்சிகிட்ட சொல்லேன்."

அவர் மனைவி, என் தங்கை, அதாவது உங்கள் அத்தை, காரியத்துக்குச் சம்மதிக்கவே இல்லை. "பொணத்தக் காட்டு, நான் அழுவறேன்" என்றாள்.

ஊர்த் தலைவர் ஒரு வழி சொன்னார். வடசென்னையிலிருந்து மூன்று கானாப் பாடகர்களை வரவழைப்போம், அவர்கள் இறந்தவரைப் பாடட்டும், அதோடு துக்கத்தை முடித்துக்கொண்டு மறுநாள் படகு இறக்கலாம் என்றார். நான்தான் தங்கையிடம் போய்ப் பேசினேன். "பாட்டுதானே, பாடிட்டுப் போவட்டும்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டோம். மூவரும் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள். முதலில் பெரியவர் ஒருவர், தன் தாய் செத்ததைப் பாடினார். படகை மணலில் இழுப்பது போன்ற குரல். அடுத்து ஒரு பெண், குடித்தே போன தன் தம்பியைப் பாடினாள்.

"இன்னா கரையோரத்து ஜனங்களே, கை தட்டினா செதில் உதுந்துடுமா?" என்று மைக்கில் கேட்டாள். வெகு நாளைக்குப் பிறகு சிலர் சிரித்தார்கள்.

கடைசியாகப் பாட வந்த இளைஞர், "பாட்டுல சேக்கணும், அவரப் பத்திச் சொல்லுண்ணா" என்று முன்பே என்னிடம் கேட்டிருந்தார். மாமா படகு இன்ஜினோடு சண்டை போடுவார், பிரியாணிக்கும் கருவாடு கேட்பார் என்று சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் கோத்துப் பாடினார். பந்தலே அழுதது. கடலின் மடியில் கண்ணை மூடிவிட்டார் என்று பாட்டு வந்ததும், தங்கை கதவைத் திறந்து வந்து மைக்கைப் பிடித்தாள்.

"கண்ண மூடினத யாருய்யா பாத்தது? நீ பாத்தியா?"

டோலக் நின்றது. "ஏம்மா, ஊரே ஒக்காந்திருக்குது" என்று தலைவர் எழுந்தார். இளைஞர் மைக்கைப் பிடுங்கவில்லை.

"நீயே சொல்லுக்கா. இன்னான்னு பாடட்டும்?"

"வரலன்னு பாடு. போனாரு, இன்னும் வரல. அதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல ஒரு வார்த்த பாடாத."

அவர் தாளத்தை மெதுவாக்கி அதை மட்டும் பாடினார். பெரியவரும் அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டார்கள். பந்தலில் அழுகைகூட நின்றுபோனது.

பாட்டு முடிந்தது. துக்கம் முடிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. "அப்ப நாளைக்கும் ரசந்தானா?" என்றார் பின்னால் ஒரு கிழவர்.

தங்கைதான் பேசினாள். "போங்க, வல போடுங்க. எம் புருசன் வரலன்னு உங்க புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா? கடலுக்குப் போனாத்தானே அவரு உங்க கண்ணுல படுவாரு?"

மறுநாள் விடியலில் போனோம். வலையை இழுத்தபோது கனத்தது. வலை கனத்தால் கூச்சல் போட்டுச் சிரிப்பவர்கள் நாங்கள். அன்று படகில் இருந்த நாலு பேரும் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டோம். யார் எட்டிப் பார்ப்பது? நான்தான் பார்த்தேன். மீன்.

கரையில் உங்கள் அத்தை நின்றிருந்தாள். மீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினேன். இப்போதும் நான் கரையேறும்போது, அவள் கேட்பதற்கு முன்பே தலையாட்டிவிடுகிறேன்.