நாலாவதாக வாசித்தவள்

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரே வேதப்பகுதியை நாலு பேரும் வாசிக்க வேண்டும், மூத்தவர் முதலில். அப்பா, அம்மா, நான், கடைசியில் தங்கச்சி. அப்பா சேலத்துக்கு மேலே மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர். அவர் வாசித்தால் காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடுவது போலிருக்கும். அம்மா வரிக்கு வரி நிறுத்தி உருகுவாள். முடித்தால்தான் சோறு என்பதால் நான் ஒரே ஓட்டமாக ஓட்டுவேன். மூன்று தரம் காதில் விழுந்ததைத் தங்கச்சி நாலாவதாக, வரியில் விரலை ஓட்டிக்கொண்டு, மணிமணியாக வாசிப்பாள்.

இது எழுபதுகளின் கடைசியில். எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடம் அம்மாதான். தங்கச்சிக்கு இளைப்பு. மூடுபனியில் பஸ்ஸுக்கு நின்றால் அன்றைக்கு முழுக்க நெஞ்சு இழுக்கும். நான் இரண்டு வருடம் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். "சின்னது ஊட்டுல இருக்கையில பெருசு மட்டும் எதுக்கு?" என்று அம்மா என்னையும் நிறுத்திவிட்டாள். பாடப்புத்தகம் என்று பார்த்தால் வேதமும் பாட்டுப் புத்தகமும்தான். வேதம் வாசிக்கிற பிள்ளை உலகத்தில் எதையும் வாசித்துவிடும் என்பது அவள் கட்சி.

ஒரு நாள் ஜெபத்தில் காற்றடித்துப் பக்கங்கள் புரண்டன. தங்கச்சி நிறுத்தவில்லை. விரல் ஏதோ வம்ச வரலாற்றில் ஓடிக்கொண்டிருந்தது, வாய் கடலில் புயல் அடங்கிய கதையை வாசித்துக்கொண்டிருந்தது. பாய் விரிக்கும்போது கேட்டேன்.

"எழுத்தெல்லாம் ஒரே மாதிரி இருக்குதுக்கா. அம்மாகிட்ட சொல்லீராத, அழுதுரும்" என்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

சொல்லத்தான் செய்தேன். அடுத்த நாளே, அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது.

"நீ முழுங்கி முழுங்கி வாசிக்கற. அவளுக்குத் தண்ணியாட்ட வருது. பொறாமைப்படாத கண்ணு" என்றாள் அம்மா. அப்பாவிடம் போனேன். "உங்கம்மாவுக்குத் தெரியாததா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானே சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். நாலு எழுத்தைக் காட்டுவதற்குள் தங்கச்சிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அதற்குமேல் என்னிடம் வழி இல்லை.

எங்கள் சபையின் ஆயர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "சேலத்துல நம்ம ஹாஸ்டல் இருக்குதுங்கம்மா. மலைய விட்டு எறங்குனா இளைப்பும் கேக்கும். சின்னதையாவது அனுப்புங்க."

அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்கய்யா, ஊட்டுல படிச்சா படிப்பு இல்லீங்களா? பேராயர் வர்ற அன்னிக்கு எங்க சின்னது வேதபாடம் வாசிக்கட்டுங்க. கேட்டுப்போட்டு அப்பறம் சொல்லுங்க."

"சரிங்கம்மா. நல்லா வாசிச்சிருச்சுன்னா நான் வாயவே தெறக்கமாட்டன். இல்லீனா ஜூன் மாசம் நானே கூட்டிட்டுப் போயிச் சேத்திருவன்" என்று ஆயர் சிரித்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். கதவோரம் நின்ற தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை.

பேராயர் வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் திடப்படுத்தல். அவர் தலைமேல் கை வைத்து ஜெபித்த பிறகுதான் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கிடைக்கும். அன்றைய பாடம் தொலைந்த ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதை. வாரம் முழுக்க எங்கள் வீட்டு ஜெபத்தில் அந்த ஆடுதான். தங்கச்சிக்கு எங்கே மூச்சு விடவேண்டும் என்பதுவரை மனப்பாடம்.

மலைப்பாதையில் பனி இறங்கியதால் பேராயர் தாமதமாக வந்தார். வந்ததும் ஆயரின் காதில் ஏதோ சொன்னார். ஆயர் பெரிய வேதத்தில் அடையாள நாடாவை எடுத்துவிட்டு வேறு பக்கத்தைத் திறந்துவைத்தார். திடப்படுத்தலுக்கென்றே உள்ள பகுதியை, அப்போஸ்தலர்கள் கை வைத்து ஜெபித்ததை, வாசிக்கக் கேட்போம் என்று அறிவித்தார். ஆர்மோனியத்தின் முன்னால் அம்மா பெருமையாக உட்கார்ந்திருந்தாள்.

தங்கச்சி முக்காலியில் ஏறினாள். பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெள்ளைத் தாவணியும் முக்காடுமாக முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? அவள் விரலை வரியில் வைத்து, நிமிர்ந்து, தொலைந்த ஆட்டைத் தொடங்கினாள்.

வேதம் வைத்திருந்தவர்கள் பரபரவென்று பக்கம் புரட்டினார்கள். சற்று நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது. புத்தகம் இல்லாத எஸ்டேட் ஆட்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அம்மாவின் கை ஆர்மோனியக் கட்டைகள்மேல் அப்படியே இருந்தது. ஆடு கிடைக்கும்வரை தங்கச்சிக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவளை நிறுத்த எங்களுக்கும் தெரியவில்லை.

பேராயர் நல்ல மனிதர், ஆமென் என்றார். அவர் கை என் தலைமேல் இறங்கியபோது, கற்றுக்கொடுத்த ஜெபமெல்லாம் மறந்துவிட்டது. அவளை அனுப்ப வேண்டாம் என்று மட்டும் கேட்டேன்.

ஆயர் ஜெயித்தவர் மாதிரி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அம்மா சண்டையாவது போட்டிருப்பாள். "ஜூன்ல கூட்டிட்டுப் போறனுங்கம்மா" என்று தணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தங்கச்சியை மடியில் இருத்திப் புத்தகத்தைத் திறந்தாள்.

"இது என்ன எழுத்து சாமி?"

"தெரியலம்மா."

"சரி, இது?"

தங்கச்சி பயந்தபடியேதான் நடந்தது. அம்மா அழுதாள்.

ஜூனில் போனவள் கிறிஸ்துமஸுக்கு வந்தாள். இளைப்பு குறைந்திருந்தது. அதிலும் ஆயர் சொன்னதே சரியாகப் போனதில் எனக்கு ஆத்திரம்தான். சாயங்கால ஜெபத்தில் அம்மா சட்டத்தை மாற்றி, முதலில் அவளிடம் புத்தகத்தைக் கொடுத்தாள். தங்கச்சி எழுத்து எழுத்தாகக் கூட்டி, நிஜமாகவே வாசித்தாள். மேய்ப்பர்கள் பெத்லகேம் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.

"நொம்ப நல்லா வாசிச்ச கண்ணு" என்றாள் அம்மா.

முன்பெல்லாம் வாசிக்கும்போது தங்கச்சி நிமிர்ந்து நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்ப்பாள். அன்று ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.